பயந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தால்: முதல் நாளிலிருந்து என்ன செய்வது

கறுப்பி எங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் ஐப்பசி மழையில். இலங்கை மலையகத்து டிக்கோயாவில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒடுங்கிக் கிடந்தவளைச் சாக்கில் சுற்றித்தான் தூக்கிவர முடிந்தது. இறக்கிவிட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மறுநாள், பாவம் குளிரில் கிடக்கிறாளே என்று நான் கையை விட்டு இழுத்தேன். இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். அதற்கப்புறம் நான்கு நாள், நான் காம்பராவுக்குள் இருக்கும்வரை ஒரு வாய் சோறு தொடவில்லை, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகுதான் தட்டு காலியாகும்.

நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள் அந்தத் தவறைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எவ்வளவு கிட்ட வருவது என்பதை நாய் முடிவு செய்யட்டும், நாம் செய்யக்கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

1. முதலில் ஒரு மூலை

நாய் வருவதற்கு முன்பே அதற்கு ஓர் இடம் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? மேசைக்குக் கீழே ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டாலே போதும். சிமெந்துத் தரை நம் ஊரில் ஐஸ் மாதிரி இருக்கும், அதனால் இரண்டு சாக்கு மடித்துப் போட்டு மேலே துணி விரியுங்கள். ஆட்கள் நடந்து போகும் வழியில் வேண்டாம். குசினிப் பக்கமும் வேண்டாம், பாத்திரம் விழுந்தால் போச்சு. அது உள்ளே இருக்கும்போது யாரும் கை விடக்கூடாது, பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2. மூன்று நாள் சும்மா இருங்கள்

தண்ணீரும் சோறும் வையுங்கள், ஒதுங்கிப் போங்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்க்க வந்தால் வாசல் இஸ்தோப்பிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்புங்கள். நாய் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: பதற்றம் தணிய 3 நாள், வீட்டு ஒழுங்கு பழக 3 வாரம், தன் வீடு என்று நினைக்க 3 மாதம். மிகவும் பயந்த நாய்க்கு இதைவிட அதிகம் ஆகும், கறுப்பிக்கு ஆனது.

இந்த நாட்களில் அதன் உடம்பைப் படியுங்கள். வாலை வயிற்றோடு சுருட்டுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, வாயை நக்குவது, அப்படியே விறைத்து நிற்பது, எல்லாம் ‘தள்ளிப்போ’ என்பதுதான். உறுமினால் அடிக்கவே கூடாது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கலாம்.

3. தீனியைப் பின்னால் எறியுங்கள்

எனக்குக் கைகொடுத்தது இதுதான். எல்லோரும் கையில் தீனியை நீட்டி, வா வா என்று கூப்பிடுவோம். பசியில் நாய் வரும், எட்டிப் பிடிக்கும், தின்று முடித்த அந்த நொடியில்தான் இவ்வளவு கிட்ட வந்துவிட்டோமே என்று தெரியும், அப்போது பதறி ஓடும் அல்லது கடிக்கும். அதனால் மாற்றிச் செய்யுங்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, நாய்க்குப் பின்னால் விழும்படி எறியுங்கள். அது திரும்பிப் போய்த் தின்னும். உங்களிடமிருந்து தள்ளிப் போனதற்கே பரிசு கிடைக்கிறது, அதனால் மனசு லேசாகும். தின்றுவிட்டுத் தானாக ஒரு அடி முன்னே வந்து உங்களைப் பார்க்கும். மறுபடி பின்னால் எறியுங்கள். இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தவர் சுசான் க்ளோதியர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை, அவ்வளவு போதும். கறுப்பி ஒன்பதாம் நாள் என் முழங்காலை மோந்து பார்த்தாள், மூக்கு ஈரமாக, ஒரே ஒரு தடவை. நான் அசையவில்லை.

கருவாடு கொடுப்பதென்றால் உப்புப் போக நன்றாகக் கழுவி அவித்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், முந்திரிகை வற்றல் (காய்ந்த திராட்சை) எதுவும் வேண்டாம், நாய்க்கு விஷம்.

4. எதற்குப் பயப்படுகிறதோ அதை மெதுவாக

அம்மா காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது, உடுப்பு நனையாமல் இருக்க இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைக் கட்டுவார். அந்தச் சரசரப்புக் கேட்டாலே கறுப்பி நடுங்குவாள். முதலில் படங்கை மடித்துக் காம்பராவின் அந்தக் கோடியில் வைத்தோம், சத்தமில்லாமல். அவள் அதைப் பார்த்ததும் ஈரல் விழும். பார்க்காவிட்டால் விழாது. நான்கைந்து நாள் கழித்து அம்மா அதை விரலால் லேசாகத் தொட்டு ஒரு சின்னச் சத்தம், உடனே ஈரல். சத்தம் முதலில், தீனி பிறகு, இந்த வரிசை மாறினால் தீனியைப் பார்த்தே பயப்படத் தொடங்கும். நாய் தின்ன மறுத்தால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், ஒரு படி பின்னால் போங்கள். மூன்றாவது வாரம் அம்மா படங்கு கட்டினால் கறுப்பி ஈரலுக்காக என் முகத்தைப் பார்ப்பாள். விளக்குமாறு, குடை, தடி எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

5. தொடுவது

தலைக்கு மேலே கை கொண்டுபோகாதீர்கள். அதுவாக வந்து ஒட்டி நின்றால் நெஞ்சுப் பக்கம் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் நெருங்கினால் தொடரலாம், தள்ளிப் போனால் விட்டுவிடுங்கள்.

6. வெளியே போவது, ராத்திரி, வெடி

பயந்த நாய் கழுத்துப் பட்டியிலிருந்து தலையை உருவிவிடும். நெஞ்சோடு மாட்டும் பட்டியும் சேர்த்து, இரண்டு கயிறு போடுங்கள். பட்டியில் போன் நம்பர் எழுதிவிடுங்கள். நடந்துவிட்டு வந்ததும் இரத்தம் குடிக்கும் அட்டை இருக்கிறதா என்று கால்விரல் இடுக்கு, காது, மூக்கு எல்லாம் பாருங்கள். இரவில் வெளியே கட்டவே வேண்டாம், தோட்டங்களுக்குள் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போவது நமக்குத் தெரிந்ததுதானே.

தீபாவளி வெடியும் பின்னேர இடியும் ஒரே மாதத்தில் வரும். அன்று நேரத்தோடு வெளியே கூட்டிப்போய் வந்து, கதவைச் சாத்தி, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். ஒட்டி உட்கார வந்தால் உட்காரட்டும், ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்பது சரியில்லை.

விசர்நாய் தடுப்பூசியை நாய் கொஞ்சம் பழகியதும் போடுங்கள், ஒவ்வொரு வருடமும். சுகாதாரப் பணிமனை நடத்தும் முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். அதற்குள் கடித்தாலோ நகம் கீறினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். இரண்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் அதைப் பயம் என்று தள்ளிவிடாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கறுப்பி ஒரு பக்கமாகத் தொட்டால் மட்டும் சீறினாள், பார்த்தால் காதுக்குள் புண் இருந்தது, அது ஆறியதும் அந்தச் சீறலும் நின்றுவிட்டது.