காட்டுப்பாதைக்கு மண்ணெண்ணெய் அடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளுக்கூடாகக் கதிர்காமம் நடந்து போகிறவர்கள் நாட்கணக்காகக் காட்டிலேயே சமைத்துச் சாப்பிட வேண்டும். காய்ந்து கிடக்கும் காட்டில் விறகு மூட்டுவதைவிட, பம்பால் காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு எவ்வளவோ மேல். ஆனால் அதைச் சரியாகக் கையாளத் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

இந்த அடுப்பில் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. காற்றடித்தால் எண்ணெய் மேலேறும்; சூடான பர்னருக்குள் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளையால் சீறிவந்து நீலமாக எரியும். 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் செய்த பிரைமஸ் அடுப்பிலிருந்து இதுதான் முறை.

ஆகவே, அவசரம்தான் முதல் தவறு. பர்னரைச் சூடாக்க அதன் கீழுள்ள கிண்ணத்தில் ஊற்றிய ஸ்பிரிட் எரிந்து முடியும் தறுவாய் வரை பொறுக்காமல் காற்றடித்தால், ஆவியாகாத எண்ணெய் பீச்சியடித்து மஞ்சள் சுவாலை ஆளுயரத்துக்கு எழும். அப்போது பலர் இன்னும் காற்றடிக்கிறார்கள். கூடவே கூடாது! காற்றுத் திருகியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். அடுப்பு அணைந்து ஆறிய பிறகு, சூடாக்குவதை முதலிலிருந்து தொடங்குங்கள்.

இந்த நடைப்பயணம் போகும் மாதங்களில் கச்சான் காற்று சுழற்றி அடிக்கும். அதற்காக அடுப்பைச் சுற்றித் தகரத்தால் முழுதாக மூடிவிடுவது ஆபத்து. பர்னருக்குக் கீழேயே எண்ணெய்த் தாங்கி இருப்பதால் அதுவும் சூடேறி, உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே போகும். காற்று வரும் பக்கத்தை மட்டும் மறையுங்கள். தாங்கியை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடென்றால் உடனே அணைத்துவிடுங்கள். கடற்கரை மணலில் அடுப்பு சரியாமலிருக்கக் கீழே பலகைத் துண்டு ஒன்று போதும்.

மண்ணெண்ணெய் முடிந்துவிட்டதென்று பெற்றோலை ஊற்றுவது உயிரோடு விளையாடுவது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். பெற்றோலுக்கோ உறைபனிக்குளிரே போதும். இரண்டையும் ஒரேமாதிரிப் போத்தல்களில் கொண்டுபோகவே வேண்டாம். அடுப்பு சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றுவதும், தாங்கியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதும் அப்படித்தான்.

மழை தூறினாலும் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். அடுப்பு எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை, மூச்சு முட்டுவது தெரியுமுன்பே மயக்கம் வந்துவிடும்.

பராமரிப்பில் பெரும்பாலானோர் மறப்பது பம்பின் தோல் வாசரை. அது காய்ந்து சுருங்கினால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது; இரண்டு துளி எண்ணெய் விட்டு ஊறவைத்தால் மீண்டும் பிடிக்கும். நிப்பிள் அடைத்தால் அதற்கென்றே விற்கும் மெல்லிய ஊசியால் குத்துங்கள். தையல் ஊசி துளையைப் பெருக்கிவிடும், பிறகு சுவாலை ஒருபோதும் நீலமாக வராது. எண்ணெயைத் துணியால் வடித்தே ஊற்றுங்கள்.

புறப்படும் முன் வீட்டு முற்றத்தில் ஒருமுறை பற்றவைத்து, ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கும்வரை எரியவிட்டுப் பாருங்கள். ஒழுகும் வாசரையும் அடைத்த நிப்பிளையும் பொத்துவிலில் மாற்றிக்கொள்ளலாம். குமுக்கன் ஆற்றைத் தாண்டிய பிறகு முடியாது.