வில்லுக்கு நாண் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மரத்தைத் தேர்ந்து, செதுக்கி, வளைத்துப் பார்த்து வாரக்கணக்கில் ஒரு வில்லை உருவாக்குகிறவர்கள்கூட, நாண் என்று வரும்போது கையில் அகப்பட்ட கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். அறுந்தால் வேறொன்று கட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. இது ஆபத்தான நினைப்பு. இழுத்த நிலையிலோ அம்பை விடும் கணத்திலோ நாண் அறுந்தால், அம்புக்குப் போக வேண்டிய விசையை வில்லே வாங்கிக்கொள்கிறது. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவதைப் போன்றதுதான் இதுவும். நல்ல மரவில்கூட அந்த ஒரு கணத்தில் பிளந்துவிடலாம்.

முதல் தவறு நைலான் கயிறு. எளிதில் அறாது என்பதால் பலரும் அதை நாடுகிறார்கள். ஆனால் நைலான் சுமை ஏறினால் வெகுவாக நீளும். அம்பைத் தள்ள வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி கயிற்றை நீட்டுவதிலேயே வீணாகிறது. எய்ய எய்ய நாண் தளர்ந்து, வில்லுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. முன்னங்கையில் அடியும் விழுகிறது. நாணுக்கான பொருளைத் தேடும்போது அது எவ்வளவு நீள்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அதற்குப் பிறகே பார்ப்பேன். பருத்தியும் சாக்குத் தைக்கும் சணலும் இரண்டிலுமே தோற்றுவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டைனீமா என்னும் செயற்கை இழையும் அந்த வகையைச் சேர்ந்தவையும் அநேகமாக நீளாதவை. அம்பு வேகமாகப் போகும் என்று அவற்றைப் பழைய மரவில்லில் மாட்டிவிடுகிறார்கள். நீளாத நாண், அம்பு விடுபட்டதும் வில்லை வெடுக்கென்று நிறுத்துகிறது. அந்த அதிர்ச்சி போய்ச் சேரும் இடம் வில்நுனி. நுனியில் கெட்டியான மரமோ கொம்போ ஒட்டி வலுவூட்டாத வில்லில், மெல்லிய நாண் குதையை, அதாவது நாண் மாட்டும் வெட்டை, அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அத்தகைய வில்லுக்கு டாக்ரான் என்னும் பாலியெஸ்டர் இழையே பொருத்தம். அதன் சிறு நெகிழ்வு அதிர்ச்சியைத் தணிக்கிறது.

இயற்கை நாரில்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஆளிவிதைச் செடியின் நாரில் திரித்த நூல் நல்ல தேர்வு. நீட்சி குறைவு, எடையும் குறைவு. ஆனால் அது முன்னறிவிப்பு இல்லாமல் அறும். மெழுகு ஏற்றாமல் பயன்படுத்தவே கூடாது. பட்டும் மருள் என்னும் செடியின் நாரும் பழங்காலம் முதலே நாணாகப் பயன்பட்டவை. விலங்கின் தசைநாரிலும் பதனிடாத தோலிலும் முறுக்கிய நாண், ஈரம் பட்டால் நெகிழ்ந்து நீண்டுவிடும்.

அதிகக் குழப்பம் இழைக் கணக்கில்தான். வில்லின் இழுவிசையைப்போல் நான்கு மடங்காவது நாண் தாங்க வேண்டும் என்பது பழைய விதி. பி-50 என்னும் வகை டாக்ரான் இழை ஒன்று ஏறக்குறைய 50 பவுண்டு தாங்கும். அப்படியானால் 50 பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு 4 இழை போதுமே என்று தோன்றும். போதாது. கண்ணியிலும் (வில்நுனியில் மாட்டும் நாணின் வளையம்) வளைவுகளிலும் இழையின் பலம் குறைகிறது, இழை குறையக் குறைய நாண் கூடுதலாக நீள்கிறது, விரலையும் அறுக்கிறது. அதனால்தான் அந்த வில்லுக்கு 14 இழை வைப்பது வழக்கம். அதற்காக 20 இழை வைப்பதும் சரியல்ல. எய்யும்போது நாணின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அம்போடு சேர்ந்துகொண்டது போலாகிறது. கனத்த நாண் அம்பின் வேகத்தைக் குறைக்கும்.

முறுக்கும்போது எல்லா இழைகளும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்து கிடந்தால் மற்றவை அதன் சுமையையும் ஏற்று, முதலில் அறும். இழைகளை இரண்டு புரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்கி, இரண்டையும் எதிர்த்திசையில் பின்ன வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கண்ணியில் வந்து முடியும் இழைகளின் நுனிகளை ஒரே இடத்தில் வெட்டாமல், படிப்படியாகக் குறைத்து வெட்டுங்கள். ஒரே இடத்தில் முடிந்தால் நாண் அங்கே திடீரென்று மெலியும். மேல் கண்ணி, நாண் கழற்றிய வில்லில் கீழே இறங்கும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும்.

புதிய நாணை மாட்டியவுடனே நடுவில் காப்பு நூல் சுற்றாதீர்கள். நாணேற்றி வைத்து, சில அம்புகள் எய்து, அது நீண்டு அடங்கிய பிறகு சுற்றுங்கள். முன்பே சுற்றினால் நாண் மெலியும்போது சுற்று தளர்ந்து நகரும். சுற்றின் தடிமனும் முக்கியம். மாட்டிய அம்பு நாணில் தொங்க வேண்டும். நாணை விரலால் தட்டினால் கழன்று விழ வேண்டும். அதற்கு மேல் இறுக்கம் வேண்டாம்.

வில்லுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் சில முறுக்குகள் கூட்டிச் சரிசெய்யலாம். மிக நீளமாக அமைந்துவிட்ட நாணை முறுக்கியே சுருக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மிகையான முறுக்கு நாணைச் சுருள் கம்பிபோல நெகிழ வைக்கும்.

நாணின் மேல் மயிர்போல நுண்ணிழைகள் எழுந்தால் தேன்மெழுகு தேய்த்தால் போதும். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் முடிச்சுப் போட்டுத் தொடராமல் நாணை மாற்றிவிடுங்கள். புதிய நாண் மாட்டும் முன் குதைக்குள் விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள். கூரான விளிம்பு தட்டுப்பட்டால், பழைய நாணை அறுத்தது அதுவாகவே இருக்கலாம். உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிய பிறகே அடுத்ததை மாட்டுங்கள்.