கொங்கு நாட்டு வீட்டில் செவிச்சே செய்யும் முறை

பச்சை மீனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சில நிமிடங்கள் ஊறவைத்து, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லித்தழையுடன் உண்பதே செவிச்சே. பெரு நாட்டின் தேசிய உணவாகப் போற்றப்படும் இதன் சமையல் மரபை 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுப்பில் ஏற்றாமலே புளிப்பும் காரமும் வெங்காயமும் கூடிச் சுவை தருவது, பச்சைப்புளி ரசத்தில் வளர்ந்த கொங்கு நாக்குக்குப் புதியதன்று. ஆனால் கடல் இல்லாத கோவையிலோ ஈரோட்டிலோ கரூரிலோ இதைச் செய்ய விரும்புகிறவர், செய்முறைக்கு முன்னால் மீனின் குளிர்ச்சியைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றில் மீன் ‘வெந்துவிடுகிறது’ என்று பலரும் சொல்வதுண்டு. அதை நம்பி இறங்குவது ஆபத்தானது. சாற்றிலுள்ள அமிலம் மீனின் புரதத்தைக் கட்டவிழ்ப்பதால், கண்ணாடி போலிருந்த சதை வெண்மையாகி இறுகுகிறது. பார்வைக்கு வெந்தது போலவே இருக்கும். ஆயினும் கடல் மீன்களில் இருக்கக்கூடிய அனிசாகிஸ் என்னும் ஒட்டுண்ணிப் புழு அந்த அமிலத்தில் சாவதில்லை, நோய்க்கிருமிகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதற்கும் உறுதி கிடையாது. 1991-இல் பெருவில் காலரா பரவியபோது, பச்சையாக உண்ணப்பட்ட கடல் உணவும் நோய் தொற்றிய வழிகளில் ஒன்றாகக் கருதப்பட்டது. எலுமிச்சை சுவைக்கானது, பாதுகாப்பை நாம் வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டும்.

எந்த மீன் என்பதில் முதல் விதி, அணை மீனும் ஆற்று மீனும் குளத்து மீனும் கூடாது என்பது. பவானிசாகரிலும் மேட்டூரிலும் ஆழியாறிலும் துள்ளத் துடிக்கக் கிடைக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி ஆகியவை மசாலா தடவிப் பொரித்துத் தின்பதற்கு அருமையானவை. நன்னீர் மீனில் மனித உடலில் தங்கி வளரும் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைப் பச்சையாகத் தொடவே வேண்டாம். கண்ணெதிரே பிடித்த மீனாயிற்றே என்று யாரேனும் வற்புறுத்தினாலும் இதில் இணங்கக் கூடாது. கடல் மீன்களில் வெண்சதையும் குறைந்த கொழுப்பும் உள்ளவை ஏற்றவை: விளமீன், கலவா, நாக்கு மீன். பெருவில் விரும்பப்படும் கோர்வினா, நம் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. வஞ்சிரத்தின் நெருங்கிய இனமான சியரா என்னும் மீனில் மெக்சிகோவில் செவிச்சே செய்கிறார்கள். ஆகவே வஞ்சிரமும் சுவையில் குறைந்ததன்று. ஆனால் வஞ்சிரம், சூரை, அயிலை போன்றவை சிறிது நேரம் வெப்பத்தில் கிடந்தாலும் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகத் தொடங்கும். ஒருமுறை உண்டானபின் உறையவைத்தாலும் வேகவைத்தாலும் அது நீங்காது. பல மணி நேரம் வண்டியில் வந்து சேரும் மீனை வாங்கும் நமக்கு, வெண்சதை மீனே நிம்மதி.

கோவை உக்கடம் போன்ற மீன் சந்தைக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். முழு மீனாகப் பார்த்து வாங்குங்கள். துண்டு போட்டு வைத்ததில் எதையும் சோதிக்க முடியாது. கண் மேடாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும், செவுள் சிவந்து ஈரமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும். செவுளைத் திறந்து மோந்து பாருங்கள். கடல் வாடை அடித்தால் சரி, மூக்கைக் குத்தும் நெடி அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஃபார்மலின், அமோனியா கலப்பைக் காட்டிக்கொடுக்கும் எளிய காகிதப் பட்டைச் சோதனையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது, கிடைத்தால் பயன்படுத்துங்கள். நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரையும் இழுவைப் படகுகளுக்குத் தடை என்பதால், அந்த மாதங்களில் நம் சந்தைக்கு வரத்து குறையும், தூரத்து மீனும் பழைய மீனும் கலக்கும். அப்போது செவிச்சேயை ஒத்திவைப்பதே நல்லது. வாங்கிய மீனைத் தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்துக் கொண்டுவர வேண்டும். கோடையில் ஈரோட்டு வெயிலில் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு வந்த மீன் குழம்புக்கு மட்டுமே ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் முள்ளும் தோலும் நீக்கி, காற்றுப் புகாதபடி சுற்றி உறையவையுங்கள். அனிசாகிஸ் புழு சாவதற்கு மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாட்கள் இருக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேலறை பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டுவதில்லை, கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஏறி இறங்கவும் செய்யும். ஆகவே தனி டீப் ஃப்ரீசரும் உள்ளே வைக்க ஒரு வெப்பமானியும் இல்லாதவர்கள், தொழிற்சாலையில் உறையவைத்து விற்கப்படும் கடல் மீன் துண்டுகளை வாங்குவதே மேல். கரையில் உடனே உறையவைத்த மீன், மூன்று நாள் பனிக்கட்டியில் கிடந்த ‘ஃப்ரெஷ்’ மீனைவிடப் பல வேளைகளில் நல்ல நிலையில் இருக்கும். உறைநிலை புழுவைக் கொல்லுமே தவிர கிருமியைத் தூங்கத்தான் வைக்கும் என்பதால், முதலில் நல்ல மீனாக இருக்க வேண்டியது எப்படியும் அவசியம். செய்ய வேண்டிய நாளுக்கு முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். வெளியே மேடையில் வைத்து உருக்கக் கூடாது.

நான்கு பேருக்கு 400 கிராம் சதை, 150 மில்லி எலுமிச்சைச் சாறு, ஒரு பெரிய வெங்காயம், விதை நீக்கிய இரண்டு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு போதும். எலுமிச்சையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்: பெருவில் பயன்படுத்தும் சிறு எலுமிச்சையும் நம் நாட்டு எலுமிச்சையும் ஒரே இனம். பத்துப் பழம் வரை தேவைப்படும். பழத்தை முழுவதுமாகக் கசக்கிப் பிழியாதீர்கள். தோலின் எண்ணெய் இறங்கிச் சாறு கசக்கும். வெங்காயத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கிக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்தெடுத்தால் காட்டம் தணியும். பாதியளவு சின்ன வெங்காயமும் சேர்த்தால் மணம் கூடும் என்பது என் கருத்து.

மீனைக் கூர்மையான கத்தியால் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்குங்கள். கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணம் நல்லது. அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கு ஆகா. பனிக்கட்டி நிரப்பிய பெரிய பாத்திரத்தின்மேல் இந்தக் கிண்ணத்தை அமர்த்தி, முதலில் உப்பு மட்டும் போட்டுக் கிளறுங்கள். இரண்டு நிமிடத்தில் துண்டுகளின் மேல் மெல்லிய பசை போல ஈரம் படியும். அப்போது மிளகாயையும் பாதி வெங்காயத்தையும் சேர்த்துச் சாற்றை ஊற்ற வேண்டும். ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: ஓரத்தில் வெள்ளைக் கோடு படர்ந்து நடுவில் இன்னும் மங்கலான கண்ணாடி நிறம் எஞ்சியிருக்கும் நிலை, ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து நிமிடத்தில் வரும். அதுவே பதம். பழைய முறையில் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். பெருவில் குடியேறிய ஜப்பானியரின் வழிவந்த சமையற்காரர்கள்தாம் இந்த நேரத்தைச் சுருக்கினார்கள் என்பர். நீண்ட நேரம் ஊறிய மீன் ரப்பராகிவிடும் என்பதால் சுருக்கியதே நன்று.

கிண்ணத்தில் தேங்கும் வெண்ணிறச் சாற்றைப் பெருவில் ‘புலிப்பால்’ என்கிறார்கள்; அதன் சுவைக்காகவே செவிச்சே கேட்பவர்கள் உண்டு. அது நிறைய வேண்டுமென்றால், இரண்டு மூன்று மீன் துண்டுகளோடு சிறு துண்டு இஞ்சி, ஒரு பூண்டுப் பல், கொத்தமல்லித் தண்டு, கொஞ்சம் சாறு, ஒரு பனிக்கட்டி சேர்த்து மிக்சியில் அடித்து வடிகட்டி ஊற்றுங்கள். பொள்ளாச்சித் தேங்காயின் முதல் பாலை இரண்டு கரண்டி விட்டால் அது பெரு வழக்கிலிருந்து விலகி, ஃபிஜி தீவினர் செய்யும் கோகோடாவின் பக்கம் போய்விடும். ஆயினும் புளிப்பு அதிகமென்று முகம் சுளிப்பவர்களுக்கு அது பிடிக்கும். பக்கத்தில் வைக்க அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மக்காச்சோளமும் பெரு வழக்கமே. உடுமலைப் பக்கம் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் தீவனத்துக்குப் போவதால், இளங்கதிராகக் கேட்டு வாங்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் பச்சை மீன் செவிச்சே தரக் கூடாது. எத்தனை கவனமாகச் செய்திருந்தாலும் தரக் கூடாது. அவர்களுக்காக ஈக்வடார் முறையைக் கையாளலாம்: இறாலை நரம்பு நீக்கிக் கொதிநீரில் முழுவதும் வேகவைத்துக் குளிரவிட்டு, அதே சாறு, வெங்காயம், கொத்தமல்லியுடன் நறுக்கிய தக்காளியும் சேர்ப்பது. வீட்டில் முதன்முதலாகச் செய்பவர்களுக்கும் இதையே முதலில் பரிந்துரைக்கிறேன். புளிப்பின் அளவும் உப்பின் அளவும் இதிலேயே கைவந்துவிடும்.

பரிமாறும் கிண்ணங்களை முன்கூட்டியே குளிரவைத்து, மீதி வெங்காயத்தையும் தழையையும் மேலே தூவி, கலந்த அரைமணி நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும். மறுநாளைக்கு எடுத்துவைப்பது கூடாது. மிஞ்சும் என்று தோன்றினால் அப்போதே சாற்றை வடித்துவிட்டு, துண்டுகளைக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு நன்றாக வேகும்வரை புரட்டி எடுத்துவிடுங்கள். மிளகுத்தூள் தூவிச் சூடான சோற்றோடு சாப்பிடலாம்.