பிரிட்டனுக்கு வரும் பிரஷர்காரர்களுக்கு: மாத்திரை அட்டையை வெட்டாமல் கொண்டு வாருங்கள்

வேலை விசாவில் இங்கிலாந்துக்கு வருகிறவர்கள் வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். பிரஷர் மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. பெட்டியில் இரண்டு மாதத்துக்கு இருக்கிறது, தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஊரில் தெருமுனை மெடிக்கலில் பழைய அட்டையை நீட்டினால் கொடுத்துவிடுவார்கள். இங்கே டாக்டர் சீட்டு வேண்டும்.

சீட்டு வாங்குவது பெரிய விஷயமில்லை. வீடு கிடைத்த வாரமே பக்கத்து ஜி.பி.யில், அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்கில், பெயரைப் பதிந்துவிடுங்கள். டாக்டரைப் பார்க்கக் காசு கிடையாது. மருந்துக்கு மட்டும் இங்கிலாந்தில் ஒரு வகைக்கு 9.90 பவுண்ட், 2024 மே மாதம் வந்த கட்டணம் இது. 60 வயது ஆனவர்களுக்கு இலவசம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் எல்லோருக்கும் இலவசம். மாதாமாதம் இரண்டு மருந்து வாங்குகிறவர்கள் ஒரு வருட மருந்துக்கும் சேர்த்து முன்கூட்டியே 114.50 பவுண்ட் கட்டி ஆண்டுச் சான்றிதழ் எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல் மிச்சம்.

சரி, நான் சொல்ல வந்தது கூட்டு மாத்திரையைப் பற்றி.

நம் ஊரில் பிரஷருக்கு எழுதித் தரும் ஒரே மாத்திரைக்குள் பல சமயம் இரண்டு மருந்து இருக்கும். டெல்மா-ஏ.எம். என்றால் டெல்மிசார்டனும் ஆம்லோடிபினும். டெல்மா-எச் என்றால் டெல்மிசார்டனோடு நீர் மாத்திரை. ஆம்லோகைண்ட்-ஏ.டி. என்றால் ஆம்லோடிபினும் அடெனோலாலும். இங்குள்ள டாக்டருக்கு இந்தக் கம்பெனிப் பெயர்கள் எதுவும் தெரியாது. மருந்தின் பெயர்தான் தெரியும்.

கிழக்கு லண்டனில் இருக்கும் என் நண்பர் மதுரைக்காரர். ஊரில் பல வருடமாக ஒரே மெடிக்கலில் வாங்கியவர். பத்து மாத்திரை கேட்டால் கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுப்பார். நண்பர் கொண்டுவந்த துண்டில் 'ஆம்லோ' என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று பொடி எழுத்தில் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. ஜி.பி. போனில் பேசினார், "ஆம்லோ" என்று கேட்டதும் ஆம்லோடிபின் 5 மி.கி. எழுதினார். பெயர் ஒத்துப்போனதால் நண்பருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாதி மருந்து அன்றோடு நின்றுபோனது. நின்றது அடெனோலால். இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் மருந்து அது. நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சட்டென்று விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். நண்பருக்கு ரயில் நிலையப் படியேறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது, சாயங்காலமானால் தலைவலி. குளிர், புது வேலை, தூக்கமில்லை என்று தானே காரணம் கண்டுபிடித்தார். கடைசியில் எமர்ஜென்சியில் பார்த்தபோது மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தது. அங்கே இருந்த மருந்தாளுநர் ஒரு பெண், "ஊரில் சாப்பிட்ட அட்டை முழுசாக யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டார். மதுரையில் அண்ணி அந்த மெடிக்கலுக்கே போய்ப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படத்தில் இரண்டு மருந்து, இரண்டு வரி. அந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் கிளம்புவதற்கு முன் ஊர் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஒவ்வொரு மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எந்த வேளை, எப்போதிலிருந்து, எதற்காக என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர்கள் கேட்டால் தருகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. கூடவே வெட்டாத முழு அட்டை. இரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இங்கே ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு பெட்டி தருவார்கள். பயப்பட வேண்டாம், தனித்தனியாக எழுதுவதுதான் இங்கே பழக்கம். மருந்தையே மாற்றவும் செய்யலாம். 55 வயதுக்குக் கீழே என்றாலோ சர்க்கரை இருந்தாலோ பெரும்பாலும் ராமிப்ரில் வகையில் தொடங்குவார்கள். 55-க்கு மேல் சர்க்கரை இல்லாதவர்களுக்கு ஆம்லோடிபின். அடெனோலாலை இங்கே முதல் மருந்தாக எழுதுவதில்லை. இதனால் ஊர் டாக்டர் தப்பு செய்தார் என்று ஆகாது. மாற்றம் வந்தால், "பழையதை எப்படி நிறுத்துவது?" என்று கேட்காமல் மட்டும் எழுந்து வராதீர்கள்.

வீட்டில் பார்த்த அளவுகளைக் கொண்டுபோனால் டாக்டர் மதிக்கிறார். மேல் கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்கி, ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். முதல் நாள் அளவை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி பார்ப்பார்கள். வீட்டு அளவு 135/85-க்குள் இருக்க வேண்டும்.

அப்புறம் ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நம்மவர்கள் உடனே ஊரிலிருந்து வந்த அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள். அதிமதுரம் பிரஷரை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம். டாக்டரிடம் இருமலைச் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார். மூட்டு வலிக்கு சூப்பர் மார்க்கெட்டில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஐபுப்ரோஃபெனும் பிரஷரை ஏற்றும்.

அப்பா, அம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் வருகிறார்களா? அவர்களும் ஜி.பி.யை இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் வரும். அதனால் தங்கும் காலம் முழுவதற்கும் மாத்திரையை முழு அட்டைகளாக வாங்கிவரச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கானது கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வழியில் எங்காவது தங்கிவிட்டாலும் மறுநாள் காலை மாத்திரை தவறாது.