ரயிலில் போங்க, பஸ்ஸில் திரும்புங்க

ரயில் மியூசியம் பார்க்கணும் என்று தம்பி பிள்ளைகள் லீவுக்கு லீவு நச்சரிப்பார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து சென்னை வரை யார் கூட்டிக்கொண்டு அலைவது? செங்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து கேரளத்துப் புனலூருக்கு 1904-இல் திறந்த மலைப்பாதையில் இன்னும் ரயில் ஓடுகிறது, அதைவிடவா!

முதல் தடவை ஒரு தப்புச் செய்தேன். போக, வர இரண்டுமே ரயில். புனலூரில் இறங்கியதும் சின்னவன், "அத்தை, பாலம் எப்ப வரும்?" என்றான். தாண்டி வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வழியில் கழுதுருட்டியில் இருக்கும் பதிமூணு கண் பாலத்தின் மேலேதான் ரயில் போகிறது. கண் என்றால் தூண்களுக்கு நடுவே இருக்கும் வளைவு. உள்ளே இருப்பவனுக்குக் கண் எங்கே தெரியும்?

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலையில் நெல்லையிலிருந்து பாசஞ்சரில் செங்கோட்டை. அங்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மதுரையிலிருந்து குருவாயூர் போகும் வண்டியில் ஏறுங்கள். பகல் வெளிச்சத்தில் மலையேறும் வண்டி அது. நேரத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள், மாற்றுவார்கள். ஏறுவதற்கு முன்னால் பிள்ளைகளைத் தண்டவாளத்தின் அகலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பாதை சரியாக ஒரு மீட்டர், இப்போது 1.676 மீட்டர். 2010-இல் நிறுத்திய மலைப்பாதையை அகலமாக்கித் திரும்பத் திறந்தது 2018-இல்.

மலையில் வண்டியைத் தள்ளப் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டுவது வழக்கம். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தால் அந்த உறுமல் முதுகிலேயே கேட்கும். நான் அங்கேதான் உட்காருவேன்.

பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகை. என் அப்பா ரயில்வேயில் கீமேன். தோளில் சுத்தியலோடு தண்டவாளம் நெடுக நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கீ என்ற இரும்பு ஆப்பு தளர்ந்திருந்தால் தட்டி இறுக்குவதுதான் வேலை. கரி எஞ்சின் காலத்தில் குகை வந்தாலே, "ஏட்டி, வாயை மூடு, கண்ணையும் மூடு" என்பார். வெளியே வரும்போது வெள்ளைப் பாவாடை சாம்பல் பூத்திருக்கும். இப்போது புகை இல்லை, ஈரக் காற்றுதான். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும்.

தென்மலையில் இறங்கி, செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, கழுதுருட்டி பாலத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். ரோட்டோரமாகவே நிற்கிறது. கல் தூண்கள், பதின்மூன்று வளைவுகள், கீழே ஆறு. ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். மரம் மறைப்பதால் சின்னவனுக்குப் பதினொன்றுதான் வந்தது, பெரியவன் பதினாலு என்று சாதித்தான். தண்டவாளத்தில் ஏறிப் போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தால் நீங்களும் ஏறிவிடாதீர்கள். வளைவில் வண்டி வருவது தெரியாது.

ஆனி, ஆடி சாரலில் போனால் குடை கட்டாயம். இருட்டுவதற்குள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டரில் சூடாகப் பரோட்டா கிடைக்கும். பிள்ளைகளுக்கு வீட்டில் இட்லி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.