கேரேஜ் கதவு ஸ்பிரிங் உடைந்தால்: செலவு எதில் ஏறுகிறது, எதில் குறைக்கலாம்

மூடிக் கிடக்கும் கேரேஜிலிருந்து பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் எதுவும் விழுந்திருக்காது. கதவை ஏற்ற பொத்தானை அழுத்தினால் ஐந்தாறு அங்குலம் எழும்பி நின்றுவிடும். ஸ்பிரிங் உடைந்ததற்கு இதுவே அடையாளம். கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் அதிகபட்ச முறுக்கில் இருக்கும் என்பதால், யாரும் தொடாத நேரத்திலும் உடையும்.

உடனே ஒன்று: ஓப்பனரை, அதாவது கதவை ஏற்றி இறக்கும் மோட்டாரை, மறுபடி இயக்காதீர்கள். கதவின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான். மோட்டார் அதை நகர்த்த மட்டுமே செய்கிறது. 150 பவுண்டு கதவை வெறும் மோட்டாரால் இழுக்கப் பார்த்தால், பல ஓப்பனர்களின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து போகும். ஸ்பிரிங்கோடு முடிய வேண்டிய பில்லில் ஓப்பனர் பழுதும் சேர்ந்துகொள்ளும். கார் உள்ளே மாட்டிக்கொண்டால் ஓப்பனரின் சிவப்புக் கயிற்றை இழுத்து விடுவித்து, குறைந்தது இரண்டு பேராகத் தூக்கி, கதவுக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டுக் காரை எடுக்கலாம். கதவைத் தூக்கும் கேபிள், அது சுற்றும் உருளையான டிரம்மிலிருந்து கழன்றிருந்தால் அதையும் செய்ய வேண்டாம். கதவு கோணிக்கொண்டு, அதன் சக்கரங்கள் ஓடும் டிராக்கை வளைத்துவிடும்.

அடுத்து, எந்த வகை ஸ்பிரிங் என்று பாருங்கள். கதவுக்கு மேலே சுவரோரமாக ஒரு இரும்பு ஷாஃப்ட்டைச் சுற்றி இருந்தால் டார்ஷன் ஸ்பிரிங். கதவு உள்ளே போகும் டிராக்குக்கு இணையாக இரண்டு பக்கமும் நீளமாகத் தொங்கினால் எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங். பொதுவாக இரண்டாவது வகைதான் மலிவு, மாற்றும் வேலையும் குறைவு. மூன்றாவதாக, ஸ்பிரிங்கை ஒரு குழாய்க்குள் மறைத்து வைத்த அமைப்பும் உண்டு. அதற்குரிய பாகங்கள் எல்லாக் கடையிலும் கிடைக்காது. வழக்கமான டார்ஷன் அமைப்புக்கே மாற்றிவிடலாமா என்று அப்போதே விலை கேட்டுவிடுவது நல்லது.

தொலைபேசியில் "ஸ்பிரிங் மாற்ற எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் வராது, ஏனென்றால் ஸ்பிரிங் என்பது ஒரே பொருள் அல்ல. டார்ஷன் ஸ்பிரிங்குக்கு நான்கு அளவுகள் வேண்டும். ஏணியில் ஏறி டேப்பால் எடுத்துவிடலாம். திருகு எதையும் தொட வேண்டாம்.

முதலில் கம்பியின் தடிமன். உடையாத பகுதியில் 20 சுற்றுகளை எண்ணி, அவற்றின் மொத்த நீளத்தை அளந்து 20-ஆல் வகுக்க வேண்டும். 5 அங்குலம் வந்தால் கம்பி 0.250 அங்குலம். 4⅞ வந்தால் 0.2437. இந்த ⅛ அங்குல வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஸ்பிரிங்கின் வலு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் மாறுவதால், தூக்கும் வலு ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்துவிடும். 150 பவுண்டு கதவில் 15 பவுண்டு கையில் கனக்கும்.

இரண்டாவது உள்விட்டம், வீட்டுக் கதவுகளில் 1¾ அல்லது 2 அங்குலம்தான் அதிகம். ஸ்பிரிங்கின் முனையில் செருகியிருக்கும் கோன் என்ற உலோகப் பாகத்திலேயே பெரும்பாலும் பொறித்திருக்கும். மூன்றாவது நீளம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உடைந்த இடத்தில் சுமார் 2 அங்குல இடைவெளி தெரியும். அதையும் சேர்த்து அளந்துவிடுகிறார்கள். முறுக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கம்பித் தடிமன் அளவு ஸ்பிரிங் நீள்கிறது. உடைந்ததும் முறுக்கு அவிழ்ந்து பழைய நீளத்துக்குச் சுருங்குவதால் வந்ததே அந்த இடைவெளி. ஆகவே அதை விட்டுவிட்டு, இரண்டு துண்டுகளின் நீளத்தை மட்டும் கூட்டுங்கள். கோன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் கணக்கில் வராது. நான்காவது முறுக்குத் திசை: உள்ளே நின்று கதவைப் பார்த்தால், வழக்கமான அமைப்பில் இடப்பக்க ஸ்பிரிங் வலது முறுக்கு, வலப்பக்க ஸ்பிரிங் இடது முறுக்கு.

எக்ஸ்டென்ஷன் வகையில் முனையில் பூசிய நிறம் கதவின் எடையைக் குறிக்கும். 10 பவுண்டுக்கு ஒரு நிறம். 100 பவுண்டு தாண்டினால் அதே நிறங்கள் திரும்ப வரும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் கதவின் எடையையும் சொல்லுங்கள்.

இனி பில்லை உண்மையில் ஆட்டிவைக்கும் விஷயம்: சுழற்சி ஆயுள். ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுழற்சி. சாதாரண ஸ்பிரிங் 10,000 சுழற்சிக்கு என்று செய்யப்படுகிறது. நாளைக்கு நான்கு முறை திறந்து மூடினால் ஆண்டுக்கு 1,460. கிட்டத்தட்ட ஏழு ஆண்டில் முடிந்துவிடும். அதே கதவுக்கு, இன்னும் தடித்த கம்பியில் நீளமாகச் சுற்றிய 25,000 சுழற்சி ஸ்பிரிங் போட்டால் 17 ஆண்டு. கூடுவது இரும்பின் விலை மட்டும், கூலி ஒன்றுதான். இந்த வீட்டில் ஏழு ஆண்டுக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் இதுவே சரியான தேர்வு. ஷாஃப்ட்டில் அந்த நீளத்துக்கு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுங்கள். இது விற்பனைத் தந்திரம் அல்ல. இரண்டும் ஒரே எண்ணிக்கை உழைத்தவை. மிச்சமிருப்பதும் சீக்கிரமே போகும், கூலி இரண்டாம் முறை வரும். ஷாஃப்ட் கழன்றிருக்கும்போதே நடு பேரிங்கையும், இழை பிரிந்திருந்தால் கேபிள்களையும் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் நன்றாக ஓடும் ரோலர், டிரம், டிராக் எல்லாவற்றையும் 'முழு செட்' என்று சேர்த்தால், எது தேய்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்றால் கூலியும் அதில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள்; பெரும்பாலும் பொருளுக்கு மட்டும்தான்.

நாமே மாற்றினால் கூலி மிச்சமாகாதா? எக்ஸ்டென்ஷன் வகையில் முடியும். கதவை முழுதும் மேலே ஏற்றி டிராக்கில் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு நிறுத்தினால் ஸ்பிரிங்கில் இழுவிசை இருக்காது. புதியதை மாட்டும்போது உள்ளே பாதுகாப்புக் கேபிளைக் கோக்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால், அடுத்த முறை உடையும் துண்டு கேரேஜுக்குள் பறக்கும். டார்ஷன் வகை வேறு கதை. 7 அடிக் கதவுக்கு, 4 அங்குல டிரம் என்றால், சுமார் 30 கால்சுற்று கையால் முறுக்க வேண்டும். கோனின் துளைக்குச் சரியாகப் பொருந்தும், 18 அங்குல நீள இரும்புத் தண்டுகள் இரண்டு வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்து முறுக்குபவர்களின் மணிக்கட்டுதான் உடைகிறது. இரட்டை ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்திருந்தாலும் மற்றது முழு முறுக்கில் இருக்கிறது. அதன் கோனை ஷாஃப்ட்டில் இறுக்கிப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவைத் தெரியாமல் தளர்த்தினால் கோன் சுழன்றுவிடும். இந்த ஒரு வேலைக்குக் கூலி கொடுப்பதே மேல்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன், கதவு மூடியிருக்கும்போது ஓப்பனரை விடுவித்து, கையால் பாதி உயரம் தூக்கி விட்டுப் பாருங்கள். கதவு அங்கேயே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் முறுக்கு போதவில்லை; தானாக மேலே போனால் அதிகம். முறுக்கைக் கூட்டிக் குறைத்தும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங்கின் அளவே தவறு. அதை அங்கேயே சொல்லி மாற்ற வையுங்கள்.