சைட்பாட்டம் என்ற பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு

2007இல் இந்திய அணி இங்கிலாந்தில் டெஸ்ட் தொடர் ஆடியபோது, எதிரணியில் நீண்ட சுருள்முடியோடு இடக்கையால் பந்துவீசிய ரயன் சைட்பாட்டத்தின் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவருடைய தந்தை ஆர்னியும் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட் ஆடியவர். தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயரை எப்படித்தான் சுமந்தார்களோ என்று அப்போது பரிதாபப்பட்டேன். பரிதாபத்துக்கு உரியது என் ஆங்கிலம்தான்.

அபூர்வமான ஆங்கிலக் குடும்பப்பெயர்களை ஆராயப் புகுபவர்கள் செய்யும் முதல் தவறும் இதுதான்: இன்றைய அகராதியை வைத்துப் பழைய பெயரைப் படிப்பது. ‘பாட்டம்’ என்றால் இன்றைய ஆங்கிலத்தில் பிட்டம். ஆனால் இங்கே அது உடம்பின் பாகம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது பள்ளத்தாக்கின் அடிநிலம். லங்காஷயர், செஷயர், யார்க்ஷயர் பகுதிகளில், பெனைன் மலைச்சரிவுகளுக்கு இடையே இத்தகைய பள்ளங்கள் ஏராளம். அங்கே குடியிருந்தவர்களுக்கு அந்த இடமே பெயராயிற்று. ‘சைட்’ என்பதற்கும் பக்கவாட்டுக்கும் தொடர்பில்லை. ‘அகன்ற’ என்ற பொருளுடைய பழஞ்சொல் அது. ஆக, சைட்பாட்டம் என்றால் அகன்ற பள்ளத்தாக்கு.

பெயரைக் கண்ணுக்குத் தெரிந்தபடி உடைப்பது இன்னொரு சறுக்கல். ஷஃபிள்பாட்டம் என்ற பெயரில் காலைத் தேய்த்து நடப்பதைக் குறிக்கும் ‘ஷஃபிள்’ இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது லங்காஷயரில் இருந்த ஒரு சிற்றிடத்தின் பெயர். செம்மறியாடு, ஊற்று, பள்ளம் என்ற மூன்று சொற்களின் கூட்டு. ஊர்ப்பெயரின் பொருள் மறந்துபோக, நாக்கு தனக்குத் தெரிந்த சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டது. ஹிகின்பாட்டத்துக்கும் இதே கதி. ஹிகின் என்ற ஆளைத் தேடி அலைய வேண்டாம். போல்டன் நகரை ஒட்டிய ஓக்கன்பாட்டம் என்ற இடத்திலிருந்து அது வந்தது என்பதே அறிஞர்கள் தரும் விளக்கம். ராம்ஸ்பாட்டம் என்ற பெயரின் முன்பாதியில் இருப்பது ‘ராம்’ என்ற கிடாவா, ஒலியில் அதை ஒத்த பழஞ்சொல் குறிக்கும் காட்டுப்பூண்டா என்பதில் அவர்களுக்குள்ளேயே இன்னும் இரண்டு கட்சி. எனக்குப் பூண்டுக் கட்சி பிடிக்கும். ஈரப் பள்ளங்களில் அது மண்டிக் கிடக்கும் நாடு அது.

எழுத்துக்கூட்டலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதும் ஆபத்து. நமக்குக் கிடைத்திருக்கும் ஷேக்ஸ்பியரின் ஆறு கையெழுத்துகளே ஒன்றுபோல் இல்லை. இங்கிலாந்தின் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை 1538 முதல் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. பதிவேட்டில் எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதினார். பெயருக்கு உரியவருக்குப் பெரும்பாலும் படிக்கத் தெரியாது, திருத்தவும் மாட்டார். ஷஃபிள்பாட்டத்தின் முன்னோரைத் தேடுபவர் ஷிப்பர்பாட்டம், ஷூபாட்டம், ஷஃபிள்போத்தம் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும்.

‘போத்தம்’ என்று முடிந்தால் வெட்கப்பட்டு மாற்றிக்கொண்ட பெயர் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி மாற்றியவர்கள் இருக்கலாம். ஆனால் அந்த ஒலிப்பும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. 1980இல் பம்பாய் டெஸ்டில் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்த இயான் போத்தத்தின் பெயரும் இதே பள்ளத்தில் பிறந்ததுதான். அவரைப் பார்த்து நாம் யாரும் சிரிக்கவில்லை.

பெயர் அபூர்வமானது என்றாலே 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியமோடு பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த நார்மன் பிரபு வம்சம் என்று முடிவுகட்டுவதும், அந்தப் பெயருக்கு உரிய குலச்சின்னம் என்று கடையில் விற்பதை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவதும் சேர்ந்தே நடப்பவை. இங்கிலாந்தில் சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் தரப்படுவது. ஒரு குடும்பப்பெயருக்குப் பொதுவாக எதுவும் கிடையாது.

தேட வேண்டிய திசை பின்னோக்கித்தான்: உயிரோடு இருப்பவரில் தொடங்கி, 1837இல் ஆரம்பித்த அரசுப் பதிவுகள், அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். இடைக்கால ஆவணத்தில் அதே பெயருள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிடமிருந்து கீழே இறங்கி வந்தால் நாம் விரும்பிய பாட்டனாரைத்தான் அடைவோம்.

காகிதம் அறுபடாமல் இருந்தாலும் இரத்தம் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. 2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்தின் அடியில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகள் கிடைத்தன. தாய்வழி மரபணு இன்றைய உறவினர்களோடு பொருந்தியது. ஏட்டில் பிசிறில்லாமல் இருந்த தந்தைவழி மட்டும் பொருந்தவில்லை. இடையில் எங்கோ ஒரு பிள்ளைக்குத் தந்தை ஏட்டில் எழுதப்பட்டவர் இல்லை.